பழைய தகடு

தேசிய சேவையில் கழுத்தில் தொங்கிய தகடு
அலமாரியில், நகவெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
எண் சரி. எழுத்து பொய்.
ஓ பாசிட்டிவ் என்கிறது.
முந்தின வருடம் மார்ச்சிலிருந்து
நான் பி.

ஊட்ரமில், ஐந்தாம் மாடி அறையில்
என் மஜ்ஜையை மருந்து விட்டுத் துடைத்தெடுத்தபின்
ஒரு பை கொண்டுவந்தார்கள்.
பண்டோங்குக்கும் தக்காளி சூப்புக்கும் நடுவில் ஒரு நிறம்.
கோப்பிக்கடையில் கட்டித் தரும் பொட்டலத்தைவிடச் சிறியது.
உறையவைத்து அனுப்பியிருந்தார்களாம்,
அது ஏறஏற என் மூச்சில் சோள வாடை.
"யார் இங்க கப் சோளம் சாப்பிடுறது?" என்றாள் தேன்மலர்
முகக்கவசத்துக்குள்ளிருந்து.
தாதி மரிவிக் சிரித்தாள்.
பலகையில் இருந்த தேதியை அழித்துவிட்டு
பூஜ்யம் என்று எழுதினாள்.

நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
பதினேழு வருடம் தோ பாயோ, பிடோக் என்று
அடுக்குமாடிகளின் தொண்டைக்குள் தொங்கியவன்.
ஓர் உதிரிபாகம் மாற்ற
வரைபடம் வேண்டும், முறுக்கு அளவு வேண்டும்,
கீழே நின்று டார்ச் அடிக்க ரோஸ்லி வேண்டும்.
இதுவோ
நெஞ்சுக் குழாயில் விட்டதோடு சரி.
பொத்தான் இல்லை. மாடி எண் இல்லை.
இருட்டில் இறங்கி
விலா, இடுப்பு, முதுகுத்தண்டு என்று
தாமே விலாசம் விசாரித்துக் குடியேறின,
பழைய வாடகைக்காரனைக் காலிசெய்த வீட்டில்.

பதினெட்டு நாள் ஒன்றுமில்லை.
வாயெல்லாம் புண். எச்சிலை விழுங்குவது
ஆணியை விழுங்குவது.
யாராவது தைரியம் சொன்னால்
வெளியே போகச் சொல்லிவிடுவேன் என்று
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
பத்தொன்பதாம் நாள் தாளில் வெள்ளணு:
புள்ளிக்குப் பின்னால் ஓர் ஒன்று.
தேன்மலர் அதை நான்காக மடித்து
பணப்பைக்குள் வைத்தாள்,
நாலு நம்பர் சீட்டை வைப்பதுபோல.

நூறாம் நாள் மருத்துவர் சொன்னார்,
"ரத்தத்தில் கொடையாளி நூறு சதவீதம். அருமை."
நான் எத்தனை சதவீதம், என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"தோல், நகம், மூளை எல்லாம் நீங்கதான்" என்றார்,
ஆறுதல் பரிசு கொடுப்பவர் மாதிரி.

பெண். இருபத்து மூன்று வயது. வெளிநாடு.
அதற்கு மேல் சொல்லமாட்டார்கள்.
கடிதம் எழுதலாம், அவர்கள் படித்துப்பார்த்து அனுப்புவார்கள்.
எழுதினேன்.
என் பெயருக்கு மேல் கறுப்புக் கோடு.
புக்கிட் பாத்தோக்குக்கு மேல் கறுப்புக் கோடு.
நாற்பத்தொரு வயதில்
பலதுறை மருந்தகத்துக் கைக்குழந்தைகளோடு வரிசையில் உட்கார்ந்து
முதல் தடுப்பூசியிலிருந்து மறுபடி ஆரம்பித்ததை
அப்படியே விட்டுவைத்தார்கள்.
பதில் வரவில்லை.
வரவேண்டும் என்று என்ன கட்டாயம்?
ஐந்து நாள் ஊசி போட்டு எலும்பெல்லாம் வலிக்க
இரண்டு கையையும் நீட்டியபடி நாலு மணி நேரம்
தன் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வருவதைப் பார்த்திருந்தவள்
பிறகு எழுந்து பஸ் பிடித்திருப்பாள்.
பசித்திருக்கும்.

எனக்கு இப்போது புளிப்பு பிடிக்கிறது.
அவளுக்கும் பிடிக்குமோ என்று கேட்டால்
மருத்துவர் சிரிக்கிறார், அதெல்லாம் வராதாம்.
சரி. இருந்தாலும்
எலுமிச்சைச் சாறு வாங்கும்போது
ஒரு மடக்கு மெதுவாகக் குடிக்கிறேன்.

நேற்று, மொட்டைமாடி இயந்திர அறையில்
முழங்கையில் ஒரு கொசு.
கை பழக்கத்தில் போய் அடித்துவிட்டது.
"டெங்கி, பார்த்து" என்றான் ரோஸ்லி.
உள்ளங்கையில்
கடுகளவு சிவப்பு.
துணி தேடிய கை அப்படியே நின்றது.

கறுப்புக் கோட்டுக்கு அந்தப்புறம் இருக்கும் பெண்ணே,
மன்னித்துக்கொள்.
நாளையிலிருந்து
முழுக்கைச் சட்டை.